குடும்ப ஜெபம் நின்றுபோகாமல் நடக்க

குடும்ப ஜெபம் நின்றுபோன வீடுகளில் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் வரும்: நேரம் நீண்டுவிட்டது. ஆரம்பித்த வாரத்தில் கால் மணி நேரமாக இருந்தது இரண்டு மாதத்தில் முக்கால் மணி ஆகிவிடுகிறது. பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை, அம்மாவுக்கு மாவு ஆட்ட வேண்டும், அப்பா மூடிய கண்ணோடு அப்படியே தூங்கிவிடுகிறார். முதலில் ஒரு நாள் விட்டுப்போகும். பிறகு ஞாயிறு மட்டும் நடக்கும், கடைசியில் புத்தாண்டு அன்று மட்டும்.

அன்றாட வாழ்க்கையில் ஆராதனை நிலைக்க வேண்டுமானால் அது சுருக்கமாக இருக்க வேண்டும், ஒரே வேளையில் நடக்க வேண்டும், என்ன பாடுவது, எதை வாசிப்பது என்பது உட்காருமுன்பே முடிவாகியிருக்க வேண்டும். கீழே உள்ளவை சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற தமிழ்ச் சபை வீடுகளின் வழக்கத்தை ஒட்டி எழுதப்பட்டவை. செபமாலை சொல்லும் கத்தோலிக்க வீடுகளுக்கும் நேரம், பாட்டு, வாசிப்பு பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

வேளையும் இடமும்

மாலை ஜெபத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு என்றால் சின்னப் பிள்ளைகள் பாட்டு முடிவதற்குள் சாய்ந்துவிடுவார்கள், பெரியவர்களுக்கும் கண் சொக்கும், பாத்திரம் கழுவும் வேலை ஒருவரை அடுக்களையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்பை அணைத்து, சமைத்ததை மூடி வைத்துவிட்டு உட்காருங்கள். குக்கர் அடுப்பில் இருந்தால் அம்மாவின் காது விசிலில்தான் இருக்கும்.

"ஏழரை மணிக்கு" என்று குறிப்பதைவிட, தினமும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு சேர்த்துவிட்டால் பழக்கம் நிற்கும். டியூஷனிலிருந்து பிள்ளை வந்து கைகால் கழுவியதும் ஜெபம், அதன் பிறகு சாப்பாடு என்று வரிசை அமைந்துவிட்டால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

எல்லாரும் வரட்டும் என்று காத்திருப்பதுதான் அடுத்த பெரிய தடை. அப்பாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட், அண்ணனுக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் வீடு என்றால், இருக்கிறவர்கள் நேரத்துக்கு முடித்துவிடுங்கள். இரண்டு பேர் போதும். தாமதமாக வருகிறவர் அன்றைய வேதபகுதியைத் தானே வாசித்து, தூங்கப் போகும் பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்லட்டும். எண்ணாகமம் 6:24 முதல் 26 வரை உள்ள மூன்று வசனங்கள் அதற்குப் போதுமானவை, சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

டிவியின் சத்தத்தை மட்டும் குறைக்காமல் அணைத்துவிடுங்கள். படம் ஓடினால் கண் அங்கேதான் போகும். கைபேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமத்தைக் கைபேசியில் வாசிப்பது வசதிதான், ஆனால் அதிகாரத்தின் நடுவில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று மேலே வந்து நிற்கும்போது வாசிக்கிறவர் வரியை விட்டுவிடுவார். வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் அச்சுப் பிரதி ஒன்று வேண்டும், தாத்தா பாட்டிக்குப் பெரிய எழுத்துப் பிரதி. பாய் விரித்து உட்காரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபிக்கட்டும். மற்றவர்கள் முழங்காலில் நிற்கிறார்களே என்று அவர்களும் சிரமப்பட்டு இறங்கினால், எப்போது ஆமென் வரும் என்பதிலேயே அவர்கள் மனம் போய்விடும்.

பதினெட்டு நிமிடக் கணக்கு

பாட்டுக்கு 4 நிமிடம், வாசிப்புக்கு 4, வாசித்ததைப் பற்றிப் பேச 3, ஜெபத்துக்கு 6, கர்த்தருடைய ஜெபத்துக்கும் ("பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே") ஆசீர்வாதத்துக்கும் 1. மொத்தம் 18. இன்னும் இரண்டு நிமிடம் கூடினால் பாதகமில்லை, இருபதைத் தாண்ட விடாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் பாதிகூட வேண்டாம்: ஒரு சரணம், ஐந்து வசனம், ஒரே ஒரு ஜெபம், கர்த்தருடைய ஜெபம். ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் பாடலாமே என்று பிள்ளை கேட்கும் இடத்தில் நிறுத்துவது நல்லது.

நடத்தும் பொறுப்பு வீட்டுத் தலைவரிடமே தங்கிவிடக் கூடாது. பத்து வயதான பிள்ளை நன்றாகவே நடத்தும். முந்தின நாளே பெயரைச் சொல்லி, பாட்டையும் வேதபகுதியையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்த பிறகு "என்ன பாட்டு பாடலாம்?" என்று ஆரம்பித்தால் மூன்று நிமிடம் அதிலேயே போய்விடும், கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த அதே பாட்டுதான் வரும்.

பாட்டு

வாரத்துக்கு ஒரே பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பாமாலை என்ற சபைப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடிய பிள்ளை சனிக்கிழமை புத்தகம் இல்லாமல் பாடும். வருடத்துக்கு ஐம்பது பாட்டு மனப்பாடம் ஆவது இப்படித்தான். பாமாலை ஒரு வாரம், கீர்த்தனை ஒரு வாரம், பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் கற்றது ஒரு வாரம் என்று மாற்றுங்கள். இரண்டு சரணம் போதும்.

வீட்டுப் பாட்டு கெடுவது பெரும்பாலும் சுருதியில்தான். ஆண்கள் தங்களுக்கு வசதியான ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் எடுத்தால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது ஒன்று தொண்டைக்குள் இறங்கிவிடும், இல்லையென்றால் மேல் ஸ்தாயியில் கத்த வேண்டிவரும். பெண்கள் ஐந்து கட்டையில் எடுத்தால் ஆண்களுக்கு உச்ச அடி எட்டாது. ஆகவே பாட்டின் மிக உயர்ந்த அடி எது என்று பாருங்கள். அதை முதலில் மெல்ல முனகிப் பார்த்து, வீட்டில் குரல் மேலே போகாதவருக்கும் அது எட்டுகிற இடத்தில் சுருதி பிடியுங்கள். கீபோர்டு இருந்தால் ட்ரான்ஸ்போஸ் பொத்தானில் ஒரு கட்டை, அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம். வாத்தியம் இல்லாத வீட்டில் அம்மாவோ மூத்த பெண்ணோ எடுத்துக் கொடுப்பது பொதுவாகச் சரியாக அமையும்.

அடுக்குமாடி வீடுகளில் சுவர் மெல்லியது. உங்கள் கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற அளவு பாடினால் போதும். அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது என்பதை நினைவில் வைப்பதும் பிறனிடம் அன்புகூருவதில் சேர்த்திதான்.

வாசிப்பு

ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி நாளுக்கு ஒரு அதிகாரம் என்று போகிற வீடுகள் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். மார்ச் மாத நடுவில் யாத்திராகமம் 25 வரும். ஆசரிப்புக் கூடாரத்தின் முழம், ஜாண், பலகை, கொக்கி, தொங்குதிரை. அதன் பின்னாலேயே லேவியராகமம். தனியாக உட்கார்ந்து குறிப்பெடுத்துப் படிக்க வேண்டிய பகுதியைப் பசியோடு உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு உரக்க வாசித்தால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்?

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், 678 வசனம், கதை வேகமாக நகரும். லெந்து காலத்தில் தொடங்கினால் கணக்கு அழகாக வரும்: சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள், நாளுக்கு 17 வசனம் என்றால் முடிந்துவிடும். 17 என்பதில் பிடிவாதம் வேண்டாம். ஒரு சம்பவம் 14 வசனத்தில் முடிந்தால் அங்கேயே நிறுத்தி, மறுநாள் கொஞ்சம் கூடுதலாக வாசியுங்கள். மாற்குக்குப் பிறகு யோசேப்பின் வரலாறு (ஆதியாகமம் 37 முதல் 50 வரை, சின்னப் பிள்ளைகள் இருந்தால் 38ஐ விட்டுவிடலாம்), ரூத், யோனா, அப்போஸ்தலர் நடபடிகள் என்று போகலாம். பிள்ளைகள் வளர்ந்த வீடுகளுக்கு இன்னொரு கணக்கு: புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில், சரியாக ஒரு வருடத்தில் முடியும். லூக்கா 1, மத்தேயு 26 போன்றவை மட்டும் மிக நீளம். அவற்றைப் பிரித்து, சனிக்கிழமையில் ஒரு பங்கைத் தள்ளிவிடுங்கள். மற்ற சனிக்கிழமைகளில் சங்கீதம்.

ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது பல வீடுகளில் வழக்கம். அதில் ஒரு குறை உண்டு. தனக்கு எந்த வசனம் வரும் என்று பிள்ளை முன்கூட்டியே எண்ணி, அதை வாய்க்குள் வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கும், மற்றவர் வாசிப்பது காதில் விழாது. ஆகவே சம்பவங்களை ஒருவரே முழுதாக, நிதானமாக வாசிக்கட்டும். சங்கீதங்களை மாறி மாறி வாசியுங்கள்: ஒரு பக்கம் முதல் வசனம், மறுபக்கம் அடுத்தது. அவை இரண்டு குரலுக்குப் பொருந்தும் கவிதைகள்.

சபையில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்த திருத்திய பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு அதன் வடமொழிச் சொற்கள் தடுக்கும். இரண்டு வழி உண்டு: சம்பவங்களை எளிய தமிழில் வந்த புதிய மொழிபெயர்ப்பில் வாசிப்பது, மனப்பாட வசனங்களைப் பழையதிலேயே வைத்துக்கொள்வது. மனப்பாடத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்பைக் கலந்தால் கோயிலில் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது பிள்ளையின் வாய் மட்டும் வேறு வார்த்தைக்குப் போகும். தமிழ் எழுத்தே தடுமாறுகிற பிள்ளைக்கு அன்றைய பகுதியில் ஒரே ஒரு சின்ன வசனத்தைக் கொடுங்கள். முந்தின நாளே அம்மா விரலால் தொட்டு இரண்டு முறை வாசிக்க வைத்தால், மறுநாள் கூச்சமில்லாமல் வாசிக்கும்.

வாசித்து முடித்ததும் பிரசங்கம் வேண்டாம். பிள்ளையிடம் "என்ன நடந்தது, நீ சொல்லு" என்று கேளுங்கள். விட்டுப்போனதை மற்றவர்கள் சேர்க்கட்டும். பிறகு ஒரே கேள்வி: இதில் ஆண்டவர் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டால், தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு தாளில் எழுதி வைத்து ஞாயிற்றுக்கிழமை சபைப் போதகரான ஐயரிடம் கேளுங்கள். கேட்டுவந்து பதிலைச் சொல்வது முக்கியம். இல்லையென்றால் அடுத்த முறை பிள்ளை கேட்காது.

புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருடத்துக்கென்று வேத வசனம் அச்சிட்ட அட்டை பற்றி ஒரு வார்த்தை. சுவரில் ஒட்டிய வசனத்தோடு நிறுத்தாமல் அது வரும் அதிகாரம் முழுவதையும் அந்த வாரத்திலேயே குடும்பமாக வாசியுங்கள். எரேமியா 29:11 மிகப் பிரியமான வாக்குத்தத்தம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட நிருபத்தில் அது வருகிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதையும் சேர்த்து வாசித்தவர்களுக்கு, மார்ச் மாதத்தில் வேலை கிடைக்காவிட்டாலும் வசனம் பொய்யாகிவிட்டதாகத் தோன்றாது.

ஜெபம்

இந்தப் பகுதியில்தான் அதிகம் கெடுகிறது. பிள்ளையைத் திட்டுவதற்கு ஜெபத்தைப் பயன்படுத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். "ஆண்டவரே, இவன் கணக்குல முப்பத்தஞ்சு மார்க் வாங்கிட்டு வந்திருக்கான், எந்நேரமும் போனைத்தான் நோண்டுறான், இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் பிள்ளை ஆண்டவரைத் தன் மேல் வைக்கப்படும் புகாரின் மேலதிகாரியாகத்தான் பார்க்கும். பதில் சொல்லவும் முடியாது, ஜெபமாயிற்றே. மாமியார் மருமகளைப் பற்றி, கணவன் மனைவியைப் பற்றி இப்படி ஜாடையாக ஜெபிப்பதும் இதே வகைதான். சொல்ல வேண்டியதை நேரில் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். ஜெபத்தில் அந்த நபருக்காக நன்றியும் வேண்டுதலும் மட்டும் இருக்கட்டும்: "நாளைக்குக் கணக்குப் பரீட்சைக்குப் போகிற இவனுக்குப் பயமில்லாத மனசைக் கொடும்."

ஒவ்வொருவரும் மூன்று வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். சின்னவர் முதலில், பெரியவர் கடைசியில். பெரியவர் முதலில் நீளமாக ஜெபித்துவிட்டால் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது, "ஆமென்" மட்டும் சொல்லும். சின்னப் பிள்ளைக்கு வரிசை சொல்லிக்கொடுங்கள்: இன்றைக்கு ஒரு நன்றி, ஒரு வேண்டுதல், இயேசுவின் நாமத்தில் ஆமென். நன்றி குறிப்பாக இருக்க வேண்டும். "எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம்" என்பது பெரியவர்கள் யோசிக்காமலே சொல்லிவிடுகிற வரி. "மழைக்கு முன்னாடி துணியை எடுத்துட்டேன், ஸ்தோத்திரம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைத் திருத்தாதீர்கள்.

வேண்டுதல்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மூன்று பத்தி கோடு போடுங்கள்: தேதி, யாருக்காக என்ன, பதில் வந்த தேதி. தினமும் எல்லாரையும் சொல்லப் பார்த்தால் பட்டியல் வாரத்துக்கு வாரம் நீளும். நாள்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திங்கள் உறவினர்கள், செவ்வாய் நோயாளிகள், புதன் உங்கள் தெருவில் இருப்பவர்கள் எந்த மதத்தாரானாலும், வியாழன் வேலையிடமும் பள்ளியும், வெள்ளி நாடும் ஆட்சியிலிருப்பவர்களும், சனி சபையும் மறுநாள் ஆராதனையும். ஞாயிறன்று வேண்டுதலே வேண்டாம், நன்றி மட்டும். மாதம் முதல் தேதி நோட்டைத் திருப்பிப் பார்த்து, முடிந்தவற்றைக் கோடிட்டு அடியுங்கள். அந்த ஐந்து நிமிடம் பிள்ளைகளின் விசுவாசத்துக்குச் செய்வதைப் பத்துப் பிரசங்கம் செய்யாது.

ஒருவர் நம்பி உங்களிடம் சொன்ன காரியத்தைப் பிள்ளைகள் முன்னால் ஜெபக் குறிப்பாக்காதீர்கள். "அந்த அக்கா வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிக்கிறாராம்" என்பது ஜெபத்துக்கு வந்தால் மறுநாள் பள்ளிக்கூட வேனிலும் பேசப்படும். "அந்த அக்கா குடும்பத்தில் சமாதானத்துக்காக" என்றால் ஆண்டவருக்கு விளங்கும். அடிபடுகிற பெண்ணுக்கு ஜெபத்தோடு உதவியும் தேவை, அதைத் தனியாகப் போய்ச் செய்யுங்கள்.

கணவனும் மனைவியும் சண்டையில் இருக்கிற நாளில் என்ன செய்வது? ஜெபத்தை நிறுத்தவும் வேண்டாம், ஒன்றும் நடக்காதது போல நீளமாக ஜெபிக்கவும் வேண்டாம். பாட்டு, ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திச் சொல்லுங்கள். சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது. மாலை ஜெபம் அந்த வேளைக்குப் பக்கத்திலேயே வருகிறது. பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டிருந்தால், மன்னிப்பும் பிள்ளைகள் முன்னாலேயே கேட்கப்பட வேண்டும்.

முடிவில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம், பிறகு 2 கொரிந்தியர் 13:14இல் உள்ள ஆசீர்வாதம். வீட்டில் சொல்லும்போது "உங்கள்" என்பதை "நம்" என்று மாற்றிக்கொள்வது வழக்கம்.

பகல் பொழுது

காலை ஜெபம் தனித்தனியாக இருப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். லஞ்ச் பாக்ஸும் பள்ளி வேனும் துரத்தும் வேளையில் குடும்பமாக உட்கார முடிகிற வீடுகள் குறைவு. பத்து நிமிடம் போதும், ஆனால் கைபேசியைத் தொடுமுன். நாளுக்கு ஒரு சங்கீதம் வாசியுங்கள். 119ஆம் சங்கீதம் மட்டும் 176 வசனம். அது எட்டெட்டு வசனமாக 22 பகுதி உடையது, அதை 22 நாளாகப் பிரித்துக்கொண்டால் மொத்தம் 171 நாளில் சங்கீதப் புத்தகம் முடியும். வருடத்துக்கு இரண்டு முறை வரும்.

பகலில் ஜெபிக்க நேரம் தேடாதீர்கள். ஏற்கெனவே செய்கிற காரியத்தில் ஒரு வரியைச் சேருங்கள். வீட்டைப் பூட்டும்போது, கடை ஷட்டரைத் தூக்கும்போது, பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும், மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது. சங்கீதம் 55:17 அந்தி, சந்தி, மத்தியானம் என்று மூன்று வேளை சொல்கிறது. மூன்றில் தொடங்கினால் போதும். வார்த்தைக்கு லூக்கா 18:13இல் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சொன்ன ஒரு வரி இருக்கிறது: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்."

சாப்பாட்டு ஜெபத்தை ஒரு வாக்கியத்தில் முடியுங்கள். ஆனால் பரிமாறுகிறவர் உட்காரும்வரை பொறுங்கள். மற்றவர்கள் ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டு முடித்த பிறகு அம்மா அடுக்களையில் நின்றபடி தனியாகச் சாப்பிடுகிற வீட்டில், அந்த ஜெபம் குடும்ப ஜெபமாக இருக்கவில்லை. ஹோட்டலில் கண்ணை மூடாமலே மனதுக்குள் சொன்னாலும் சரிதான்.

பிடியரிசியும் கூலியும்

சமைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது நம் சபைப் பெண்களின் பழைய வழக்கம். மிசோரம் சபைகளில் இது 1910 முதல் இன்றுவரை பெரிய அளவில் நடக்கிறது. ஒரு கைப்பிடி ஏறக்குறைய 40 முதல் 50 கிராம். நாளுக்கு ஒரு முறை என்றால் மாதம் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ சேரும். டப்பா ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஈரக் கையோடு அள்ளிப் போட்டால் கட்டிபிடித்து நாறும். வண்டு வராமலிருக்க நாலைந்து காய்ந்த மிளகாயைப் போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் முழுதாகக் காலி செய்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். பழையதன் மேலேயே போட்டால் அடியில் ஆறு மாத அரிசி தங்கிவிடும், கெட்டதைக் காணிக்கையாகக் கொடுக்கிற நிலை வரும். பிள்ளையின் கையால் போடச் சொல்லுங்கள். கோயிலுக்குக் கொண்டுபோகலாம், தெருவில் கஷ்டப்படுகிற வீட்டுக்கு நேரே கொடுக்கலாம். வீட்டில் நீங்கள் சாப்பிடுகிற அதே அரிசியாக இருக்கட்டும்.

காணிக்கையைவிட முந்திக் கொடுக்க வேண்டியது கூலி. கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம் 24:15. வீட்டுவேலை செய்கிற அம்மாவின் சம்பளம், துணி தேய்க்கிறவரின் பாக்கி, பால்காரருக்கு விட்டுப்போன இருபது ரூபாய் ஆகியவற்றைக் காணிக்கைக் கவரை எடுக்குமுன் தீர்த்துவிடுங்கள். கடை வைத்திருப்பவர் வாரத்தில் ஒரு நாள் தராசைச் சரிபார்க்கட்டும். மின் தராசு என்றால் எடை தெரிந்த பொட்டலம் ஒன்றை வைத்துப் பாருங்கள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11:1 நேராகவே சொல்கிறது. அப்படிப்பட்ட கடையில் மாட்டிய வசனப் படத்தை வாடிக்கையாளர் எப்படி வாசிப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சனிக்கிழமை மாலை

ஞாயிறு காலை ஆராதனை கெடுவது சனிக்கிழமை இரவில். துணி தேய்ப்பது, காணிக்கைக் கவர், மறுநாள் குழம்புக்கு வேண்டியதை நறுக்கி வைப்பது எல்லாம் சனி மாலையே முடியட்டும். சபை நாட்காட்டியில் மறுநாளுக்குரிய பாடங்கள் போட்டிருக்கும். அவற்றில் சுவிசேஷப் பகுதியைச் சனி இரவு ஜெபத்தில் வாசித்துவிடுங்கள், பிரசங்கத்தைப் பிள்ளை பாதிக்கு மேல் பின்தொடரும். ஆராதனை முடிந்து வந்து சாப்பிடும்போது பிரசங்கியாரின் குறைகளைப் பேசாமல், ஆளுக்கு ஒரு வாக்கியம் மனதில் நின்றதைச் சொல்லட்டும்.

தூரத்தில் இருப்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள்

துபாயிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு வாரத்தில் ஒரு நாள் வீடியோ அழைப்பில் ஜெபம் நன்றாக நடக்கும். நம் இரவு 7 மணி துபாயில் 5:30, சிங்கப்பூரில் 9:30, ஆகவே ஞாயிறு இரவு 7 பொருத்தமான வேளை. சேர்ந்து பாட மட்டும் முயலாதீர்கள். ஒலி தாமதமாகப் போவதால் ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருந்து பாட்டு இழுத்துக்கொண்டே போகும். ஒரு வீடு பாடட்டும், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுத் தங்கள் வீட்டில் கூடவே பாடட்டும். கர்த்தருடைய ஜெபமும் அப்படியே. வாசிப்பும் தனி ஜெபமும் தடையில்லாமல் நடக்கும்.

படுக்கையில் இருக்கிற முதியவரிடம் புதிய பகுதிகளை வாசிக்க வேண்டாம். அவர் சிறுவயதில் மனப்பாடம் செய்த சங்கீதம் 23, 121, 103 ஆகியவற்றைப் பழைய மொழிபெயர்ப்பில், காதருகே, வசனத்துக்கு வசனம் இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். பெயர்கள் மறந்துபோனவர்கள்கூடப் பல நேரம் அடுத்த வரியைத் தாங்களே எடுப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

துணைவரோ மாமனார் மாமியாரோ கிறிஸ்தவர்களாக இல்லாத வீட்டில், கூடத்தைக் கேட்டு வற்புறுத்தாமல் உங்கள் அறையில் நடத்துங்கள். மத்தேயு 6:6 கதவைப் பூட்டி ஜெபிக்கத்தான் சொல்கிறது. அவர்கள் மனம் மாற வேண்டும் என்று அவர்கள் காதில் விழ ஜெபிக்காதீர்கள். அவர்களுடைய முழங்கால் வலிக்காக ஜெபியுங்கள், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள்.

விட்டுப்போனால்

ஊர்ப் பயணம், காய்ச்சல், கல்யாணம் என்று ஒரு வாரம் விட்டுப்போவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. விட்டுப்போன அதிகாரங்களைச் சேர்த்து வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ஒரே இரவில் ஏழு அதிகாரம் என்பது மறுபடி நிற்கத்தான் வழி. நோட்டில் இன்றைய தேதியைப் போட்டு, விட்ட இடத்துக்கு அடுத்த பகுதியிலிருந்து தொடருங்கள். மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தால் முதல் வாரம் பாட்டும் கர்த்தருடைய ஜெபமும் மட்டும் வையுங்கள், நான்கு நிமிடம். இரண்டாம் வாரம் ஐந்து வசனம் சேருங்கள். மூன்றாம் வாரம் ஆளுக்கு ஒரு வாக்கிய ஜெபம். ஒரு மாதத்தில் பதினெட்டு நிமிடத்துக்கு வந்துவிடலாம். ஏன் நின்றது, யாரால் நின்றது என்ற விசாரணையை மட்டும் முதல் நாள் உட்காரும்போது எடுக்காதீர்கள். பாட்டை எடுங்கள்.